கடலுக்குப் போய்ச் சேராத எச்சரிக்கை

"ஒருத்தர் தானா வந்து தப்பை ஒத்துக்கிட்டா தண்டனை குறையுமா மேடம்?"

"என்ன தப்புங்கிறதைப் பொறுத்தது சார்."

"அஜாக்கிரதை. வேணும்னு செஞ்சதில்ல. ஆனா ஏழு உசிரு போயிருச்சு."

"குறையலாம். யாரு அந்த ஒருத்தர்?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர்க் கோப்பையை மூடிவைக்கலாம் போல அவ்வளவு பெரிய கடிகாரம்.

"இது மணி பார்க்கவா, யாரையாவது அடிக்கவா?" என்று காவல் ஆய்வாளர் கேட்டாள்.

அப்போதுதான் அவர் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது. "மணி கொசுறு மேடம். இது காத்தோட எடையைப் பார்க்கறது. நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்துப் புள்ளி வச்சுக்கிட்டே இருக்கும். மேல ஏற ஏறக் காத்து லேசாயிரும். உங்க ரெண்டு மாடி ஏறினதுக்கே ஒரு புள்ளி இறங்கிருச்சு, பாருங்க."

"எங்க ஏட்டய்யா கையில கட்டினா புள்ளி இறங்காது சார், வாரே அறுந்துரும்."

வாசலில் நின்ற ஏட்டு தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டார். வந்தவர் எழுந்தார்.

"திங்கட்கிழமை வர்றேன் மேடம். அன்னிக்கு எல்லாத்தையும் விவரமாச் சொல்லிடலாம்."

அது வியாழக்கிழமை நடந்த பேச்சு. அதற்கு முந்தின நாள் விடியற்காலை, கரை திரும்பிய ஒரு மீன்பிடிப் படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்து ஏழு பேர் செத்துப்போயிருந்தார்கள். மேகமில்லாத வானம், இலை அசையாத காற்று. ஆனால் எங்கோ தெற்கே, பல நாள் பயணத் தொலைவில் அடித்த புயல் கிளப்பிவிட்ட நீளமான அலைகள் வந்து சேர்ந்துவிட்டன. செவ்வாய் மாலை ஐந்து மணி வானிலைச் செய்தியில் அந்த அலைகளைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை. அந்தச் செய்தியைத் தயாரித்த முன்னறிவிப்பாளர்தான் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டுவிட்டுப் போனவர். துறைமுகத்தில் எல்லோருக்கும் அவர் காற்றுக்காரர்.

தன்னைப் பற்றித்தான் கேட்கிறார் என்று ஆய்வாளர் நினைத்தாள். மனசு உறுத்துகிறது, தானாகவே வாய் திறக்கட்டும் என்று விட்டுவிட்டாள். திங்கட்கிழமை அவர் வரவில்லை. அவரிடம் இவள்தான் போக வேண்டியிருந்தது.

திங்கள், பகல் 1.05

கடல் வானிலை மையத்துக்குப் பின்புறம் புயல் கூண்டு ஏற்றும் இரும்புக் கோபுரம். முப்பது மீட்டர் உயரம். அதன் அடியில் சிமெண்டுத் தரையில் காற்றுக்காரர் கிடந்தார். பகல் 12.50-க்கு அவரைப் பார்த்தவர் அலுவலக ஓட்டுநர், வண்டிக்கு டீசல் போட்டுவிட்டுத் திரும்பியவர். ஆய்வாளர் ஒரு முறை பார்த்தாள். போர்வையால் மூடச் சொன்னாள். மூடுவதற்கு முன் கடிகாரத்தைக் கழற்றி ஒரு பையில் போட்டாள். அதன் கண்ணாடியில் மயிரிழை விரிசல், ஆனால் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

கோபுரப் படியின் தொடக்கத்தில் ஒரு பலகை: 'செருப்பைக் கழற்றிவிட்டு ஏறவும்'. படிகள் ஓட்டை ஓட்டையான இரும்புத் தட்டுகள். செருப்பு வார் மாட்டினால் ஆள் தலைகுப்புற விழவேண்டியதுதான். பலகைக்குக் கீழே காற்றுக்காரரின் செருப்பு இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு சாண் தள்ளி, சாம்பல் நிறத்தில் நாலைந்து கட்டிப் பொருக்குகள். ஆய்வாளர் ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினாள். காய்ந்த சிமெண்டுக் கலவை.

"இங்க ஏதாவது கட்டட வேலை நடக்குதா?"

"இல்லீங்க," என்றாள் பெருக்குகிறவள். "பதினோரு மணிக்குத்தான் இந்த இடத்தைப் பெருக்கிட்டுப் போனேன். அப்ப சுத்தமா இருந்துச்சு. என் வேலையில குறை சொல்லாதீங்க."

"குறை சொல்லலம்மா. ரொம்ப நல்ல வேலை."

ஏட்டு ஏறி இறங்கி வந்தார். பேச மூச்சு வருவதற்கே ஒரு நிமிடம் ஆனது. "நூத்தி அம்பத்திரெண்டு படி மேடம். எனக்குப் பத்து நிமிஷம், மனுஷனுக்கு ஏழு. மேல இடுப்பளவு கம்பி. தானா விழ முடியாது. ஒண்ணு ஏறிக் குதிக்கணும்..."

"இல்லன்னா?"

"இல்லன்னா என்ன மேடம், குதிச்சிருக்காரு. ஏழு பேரு பாவம் சும்மா விடுமா?"

மையத்தின் இயக்குநரும் அதையே சொன்னார். ஒல்லியான மனிதர், கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். 11.45-க்குக் காற்றுக்காரரை மேசையில் பார்த்தாராம். 11.50-லிருந்து 12.20 வரை தலைமை அலுவலகத்தோடு தொலைபேசியில் இருந்தாராம்.

"கட்டடத்துல வேற யாரு?"

"ஒலிபரப்பாளர் மட்டும். பன்னிரண்டு மணிச் செய்தி வாசிச்சுக்கிட்டு இருந்தார். சிவப்பு விளக்கு எரிஞ்சுது, வராந்தா ஒலிபெருக்கியில குரலும் கேட்டுது. சிவப்பு விளக்கு எரிஞ்சா அந்தக் கதவை நான்கூடத் தட்டமாட்டேன். ஏதாவது கொடுக்கணும்னா தாளைக் கதவுக்கு அடியில தள்ளிட்டுப் போயிருவோம். இங்க அது வழக்கம்."

ஒலிபரப்பாளருக்குப் படகுக்காரர்கள் வைத்த பெயர் வெண்கலம். கதவைத் திறந்து 'வாங்க' என்று சொன்னபோதே பெயர்க் காரணம் விளங்கிவிட்டது. அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். கண்கள் சிவந்திருந்தன.

"செவ்வாய்க்கிழமை மாலைச் செய்தி யாரு வாசிச்சது?"

"நான்தான்."

"நேரடியாவா?"

"எப்பவும் நேரடிதான் மேடம். ஒவ்வொரு கடல் பகுதி முடிஞ்சதும் அரை நிமிஷம் நிறுத்தணும். படகுல இருந்து யாராவது 'மறுபடி சொல்லுங்க'ன்னு கேட்பாங்க. பதில் சொல்லணும்ல."

"எழுதின தாள் எங்க?"

"அன்னிக்குத் தாளே வரல. மத்தியானத்துல இருந்து கம்ப்யூட்டர் படுத்துருச்சு. அவர் இன்டர்காம்ல கூப்பிட்டு, 'காலையில சொன்னதுல மாத்தமில்ல, அதையே வாசிச்சிரு'ன்னார். வாசிச்சேன்." மைக்கின் பக்கம் கையை நீட்டினார். "ஒரு மீட்டர் அலை, பயமில்லன்னு என் வாயாலதானே மேடம் சொன்னேன். ஏழு பேருல ஒருத்தன் அவரோட சொந்த மச்சான். எப்படித் தாங்குவாரு மனுஷன்?"

ஆய்வாளர் அறையைச் சுற்றிப் பார்த்தாள். மைக், ஒலிப்பதிவுக் கருவி, ஒரு மின்விசிறி, கதவோரம் ரப்பர் விரிப்பு. பின்பக்கமாக இன்னொரு கதவு, கோபுரத்தைப் பார்த்து.

திங்கள், பிற்பகல் 3.30

காற்றுக்காரர் குடியிருந்த வீட்டு வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. துக்கம் கேட்க வந்தவர்கள். ஆனால் அவர்கள் வந்தது போன வாரம் செத்த மகனுக்காக. இன்றைக்குச் செத்த மருமகனைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

வீடு மாமியாருடையது. கீழே அவளும் மகனும். மாடியில் மகளும் மருமகனும் பதினோரு வருடமாகக் குடியிருந்தார்கள். கூடத்தின் நடுவில் அந்த அம்மாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் சுவரோரம் நின்றாள்.

"பெரியாஸ்பத்திரியில உடம்பு இருக்கும்மா," என்றாள் ஆய்வாளர். "பரிசோதனை முடிஞ்சதும் வாங்கிக்கறோம்னு வீட்டு ஆளு கையெழுத்துப் போடணும்."

மகள் முதலில் அம்மாவைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் பேசினாள். "நான் போடமாட்டேன்."

"நீங்க மனைவி."

"அவனுக்கு நான் அக்கா." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அன்னிக்கு அஞ்சு மணி ரேடியோவை இந்தக் கூடத்துல உக்காந்து நானும் அம்மாவும்தான் கேட்டோம். ஒரு மீட்டர், பயமில்லன்னு சொன்னாங்க. மறுநாள் அவர்கிட்ட, 'எச்சரிக்கை குடுத்தீங்களா இல்லையா'ன்னு கேட்டேன். 'குடுத்தேன்'னாரு. நான் காதாலே கேட்டிருக்கேன், என்கிட்டயே பொய். அப்புறம் ஒரே வார்த்தை: 'திங்கட்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோ.' எதுக்குப் பொறுக்கச் சொன்னாருன்னு இப்பல்ல புரியுது."

"அவர் கடைசியா வீட்டுக்கு வந்தது எப்ப?"

இப்போது அந்த அம்மாள் பேசினாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "புதன்கிழமை. என் பிள்ளையைக் கொன்னவன் இந்த வாசப்படி மிதிக்கக்கூடாதுன்னேன். மிதிக்கல. ஆபீஸ்லயே படுத்துக்கிட்டாரு."

ஆய்வாளர் எழுந்தபோது மகள் வாசல்வரை வந்தாள். ஏதோ கேட்க உதடு பிரிந்தது. கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். அப்புறம் வேறு ஏதோ கேட்டாள்: "அங்க... மின்விசிறி இருக்கா?"

பிணவறையில் மின்விசிறி எதற்கு என்று ஆய்வாளர் சொல்லவில்லை. "பார்த்துக்கறோம்மா," என்றாள்.

திங்கள், மாலை 6.10

மேலதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டார். "தற்கொலைன்னு எழுதி மூடுங்கம்மா. ஊரே சொல்லுது."

"ஒரு நாள் குடுங்க சார்."

மேசைமேல் கடிகாரம். திரையில் இருபத்துநாலு மணி நேரக் கோடு. காலை பத்து மணிவரை மெல்ல ஏறி, பிறகு மெல்ல இறங்கி வந்தது. 'மேல ஏற ஏறக் காத்து லேசு' என்றாரே? பத்து மணிக்கே ஏறத் தொடங்கிவிட்டாரா? இயக்குநரைக் கூப்பிட்டாள்.

"அது அவர் ஏறினது இல்ல மேடம். வெயில் நாட்டுக் கடல்ல காத்தோட எடை தினம் ரெண்டு தடவை ஏறி ரெண்டு தடவை இறங்கும். காலை பத்துக்கு உச்சி, சாயங்காலம் நாலுக்குப் பள்ளம். மூச்சு விடற மாதிரி. அதைத் தள்ளிட்டுப் பாருங்க. வெடுக்குனு எங்கயாவது மாறுதா?"

பக்கப் பொத்தானை அழுத்த அழுத்தக் கோடு நிமிடம் நிமிடமாக விரிந்தது. 1.52-க்கு வெடுக்கென்று ஒரு புள்ளி இறக்கம். ஏட்டு அதை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் மாடி ஏறிய நேரம்! ஆய்வாளர் விரலை எடுக்காமல் பின்னோக்கிப் போனாள்.

11.54-க்கு இறங்கத் தொடங்கி, 12.01-க்குள் நான்கு புள்ளி. பிறகு ஏழு நிமிடம் சமமாக. 12.08-ல் நான்கு புள்ளியும் ஒரே தாவலில் பழைய இடத்துக்கு வந்துவிட்டன.

"பன்னிரண்டு எட்டு," என்றாள்.

ஏட்டு தலையைச் சொறிந்தார். "அப்ப நல்லதாப் போச்சு மேடம். பன்னிரண்டு எட்டுக்கு இயக்குநர் போன்ல இருந்தாரு, நான் விசாரிச்சுட்டேன், நிஜம். ஓட்டுநர் டீசல் போட்ட ரசீதுல 12.11. வெண்கலம் ரேடியோவுல வாசிச்சுக்கிட்டு இருந்தாரு, ஊரே கேட்டுச்சு. வேற ஆளே இல்ல. குதிச்சதுதான்."

"அப்ப செருப்புப் பக்கத்துல சிமெண்டுப் பொருக்கை உதிர்த்துட்டுப் போனது யாரு? காக்காவா?"

ஏட்டு மேசைமேல் இருந்த கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"பதினோரு மணிக்குப் பெருக்கின இடம். அதுக்கப்புறம் இன்னொரு ஆளு அங்க செருப்பைக் கழட்டியிருக்காரு. அந்த மையத்துல வேலை பார்க்கறவங்களுக்குத்தான் கழட்டற பழக்கம். வெளியாளு அந்தப் பலகையைப் படிச்சுட்டா கொலை செய்ய ஏறுவான்?"

செவ்வாய், காலை 7.40

படகுத்துறையில் ஒரு படகுக்காரர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். கவிழ்ந்த படகுக்குப் பின்னால் வந்து, அதைப் பார்த்து ஒதுங்கித் தப்பியவர். முதலில் பேசவே பிடிக்கவில்லை அவருக்கு.

"காத்துக்காரருக்காக வந்தீங்கன்னா போயிட்டு வாங்க மேடம்."

"அன்னிக்கு சாயங்காலம் ரேடியோ கேட்டீங்களா?"

"கேக்காம? காலையிலயும் கேட்டேன், சாயங்காலமும் கேட்டேன். ரெண்டும் ஒண்ணேதான். ஒரு மீட்டர், ஒரு மீட்டர். வெண்கலத்துக்குச் சளி வேற. 'அலை உயரம்'னு சொல்லிட்டு அச்சுன்னு ஒரு தும்மல். காலையில தும்மினவரு, சாயங்காலமும் கரெக்டா அதே இடத்துல தும்முனாரு. எங்க ஆளுங்க சிரிச்சாங்க, இவரு தும்மலுக்கும் நேரம் குறிச்சு வச்சிருக்காருய்யான்னு." அவர் சிரிக்கவில்லை. "சிரிச்சவங்கள்ல ரெண்டு பேரு அந்தப் படகுல போனவங்க."

ஆய்வாளர் நடந்துகொண்டிருந்தவள் நின்றுவிட்டாள்.

"ஏட்டய்யா, தும்மலை யாராவது மனப்பாடம் பண்ணி ஒப்பிப்பாங்களா?"

கப்பல்களுக்கு வழிகாட்டும் நிலையம் துறைமுகத்தின் மறுகோடியில் இருந்தது. கடல் ரேடியோவில் என்ன பேசினாலும் அங்கே ஓர் இயந்திரம் தானாகப் பதிந்து முப்பது நாள் வைத்திருக்கும். ஏதாவது கப்பல் மோதினால் ஒழிய அதை யாரும் எடுத்துக் கேட்பதில்லை. ஆய்வாளர் மூன்று பதிவுகளைக் கேட்டு வாங்கினாள். முதல் இரண்டை அங்கேயே ஓட்டிக் கேட்டாள். இரண்டாவதன் நடுவில் கேட்ட ஒரு குரலுக்காக அதைத் திரும்ப ஓட்டினாள். ஏட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று பகலில் இன்னும் இரண்டு வேலைகள். காற்றுக்காரரின் இழுப்பறையில், அவர் கையால் வரைந்த கடல் வரைபடம் ஒன்று. போன செவ்வாய்க்கிழமை தேதி. தெற்கிலிருந்து மேலே வரும் சிவப்பு அம்புகள், பக்கத்தில் 'நள்ளிரவுக்குப் பின் 3 மீ. முகத்துவாரம் கடக்க வேண்டாம்'. இதை வரைந்தவர் 'காலையில சொன்னதுல மாத்தமில்ல' என்று எப்படிச் சொல்வார்? அடுத்தது, ஊர் எல்லையில் பாதி கட்டிய ஒரு வீடு. அங்கே ஒரு மேஸ்திரியிடம் பத்து நிமிடம் பேச்சு.

புதன், காலை 11.00

ஒலிபரப்பு அறைக்குள் நான்கு பேர். ஆய்வாளர், ஏட்டு, இயக்குநர், வெண்கலம். ஆய்வாளர் மேசைமேல் இரண்டு கைப்பேசிகளை வைத்தாள்.

"இது போன செவ்வாய் காலைச் செய்தி. இது அதே நாள் மாலைச் செய்தி. ரெண்டையும் ஒண்ணா ஓட்டறேன்."

இரண்டு கைப்பேசிகளிலிருந்தும் ஒரே குரல்தான் வந்தது. ஒரு சொல் முந்தவில்லை, ஒரு சொல் பிந்தவில்லை. 'அலை உயரம்' என்று வந்ததும் இரண்டும் ஒரே நொடியில் தும்மின.

இயக்குநர் கைக்குட்டையைக் கீழே போட்டுவிட்டார்.

"நேரடியா வாசிச்சேன்னீங்க," என்றாள் ஆய்வாளர். "செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு நீங்க இங்க இல்ல. உங்க புது வீட்டுக்கு மாடித் தளம் கான்கிரீட் போட்டாங்க. நாலுல இருந்து ஏழு வரைக்கும் நீங்க பக்கத்துலயே நின்னு கலவையை மிதிச்சீங்கன்னு மேஸ்திரி சொல்றாரு. காலைப் பதிவை அஞ்சு மணிக்குத் தானா ஓடற மாதிரி வச்சுட்டு, சிவப்பு விளக்கைப் போட்டுட்டு, பின்கதவு வழியாப் போயிட்டீங்க. அதனால இன்டர்காம்ல உங்ககிட்ட யாரும் எதுவும் சொல்லியிருக்க முடியாது."

"அவர் அதுக்கு முன்னாடியே..."

"கம்ப்யூட்டர் படுத்துருச்சு. அவர் கையால எச்சரிக்கை எழுதி எடுத்துக்கிட்டு வந்தார். சிவப்பு விளக்கு எரிஞ்சுது. உள்ள நீங்க வாசிச்சுக்கிட்டு இருக்கறதா நினைச்சார். தட்டக்கூடாதுங்கறது வழக்கம். கதவுக்கு அடியில தள்ளிட்டுப் போயிட்டார். காலியான அறைக்குள்ள."

வெண்கலம் கதவோரத்து ரப்பர் விரிப்பைப் பார்த்தார். பார்த்ததே போதுமாக இருந்தது.

"வாய்க்கு வந்ததைச் சொல்றீங்க மேடம். திங்கட்கிழமை நான் வாசிச்சுக்கிட்டு இருந்தேன். இயக்குநரே கேட்டாரு."

"அதுவும் பதிவுதான். பதினோரு மணிக்கே தாள் உங்ககிட்ட வந்தாச்சு, பதிஞ்சு, பன்னிரண்டுக்குத் தானா ஓடற மாதிரி வச்சுட்டீங்க. இது திங்கட்கிழமைப் பன்னிரண்டு மணிச் செய்தி. கேளுங்க."

மூன்றாவது பதிவு ஓடியது. ஒரு பகுதி முடிந்து அரை நிமிட இடைவெளி. ஒரு படகுக்காரரின் குரல்: 'வெண்கலம் அண்ணே, காத்து வேகம் மறுபடி சொல்லுங்க. அண்ணே?' பதில் இல்லை. இடைவெளி முடிந்ததும் வெண்கலக் குரல், யாரும் எதுவும் கேட்காதது போல, அடுத்த பகுதியை வாசிக்கத் தொடங்கியது.

"பன்னிரண்டு ஏழு," என்றாள் ஆய்வாளர். "அடுத்த நிமிஷம் அவர் விழுந்தார். அவர் கடிகாரம் சொல்லுது. அந்த விளக்கு எரிஞ்சா உள்ள ஆளு இருக்குன்னு இந்தக் கட்டடமே நம்புது. மாலைச் செய்தியில அதை நம்பினதால ஏழு பேரு போனாங்க. எட்டாவது ஆளைக் கொன்னதை மறைக்கவும் அதே விளக்கைத்தான் போட்டீங்க. கோபுரத்தடியில பழக்கதோஷத்துல செருப்பைக் கழட்டுனீங்க. உங்க வீட்டுக் கான்கிரீட் அங்க உதிர்ந்துச்சு. அந்தச் செருப்பை இப்பவும் போட்டிருக்கீங்க."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். வார் ஓரங்களில் சாம்பல் பொருக்கு.

வெண்கலம் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு பேசியபோது அந்தக் குரல் வெண்கலமாகவே இல்லை.

"புதன்கிழமை காலையில விரிப்புக்குக் கீழே அந்தத் தாளைப் பார்த்தேன். படகு கவிழ்ந்த சேதி அதுக்கு முன்னாடியே வந்துருச்சு. எரிச்சுட்டேன். அவர் வந்து கேட்டாரு. காலைப் பிடிச்சு அழுதேன். 'நீயாப் போய்ச் சொல்லு, தண்டனை குறையும். உன் பொண்ணு பரீட்சை சனிக்கிழமை முடியுதுல்ல, திங்கட்கிழமை வரைக்கும் நான் வாய் திறக்கமாட்டேன்'னாரு. அஞ்சு நாள் ஊரே அவர் மூஞ்சில காறித் துப்புச்சு. சொல்லல. திங்கட்கிழமை, 'கூண்டுக் கயிறு சிக்கிருச்சு, மேல வாங்க'ன்னு கூட்டிட்டுப் போனேன். இன்னும் ஒரு வாரம் கேட்டேன். 'என்னால இனிமே முடியாது, எனக்கும் வீட்டுக்குப் போகணும்'னாரு."

"அதுக்கு?"

"திரும்பி இறங்கப் போனாரு."

அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார். ஏட்டு அவர் தோளில் கைவைத்தார். வெளியே போகும்போது வெண்கலம் வாசல் விளக்கின் சுவிட்சைப் பழக்கத்தில் அணைத்துவிட்டுப் போனார்.

புதன், பிற்பகல் 2.20

கூடத்தில் இன்று ஆட்கள் இல்லை. அந்த அம்மாள் அதே நாற்காலியில். மகள் அதே சுவரோரம். ஆய்வாளர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தாள், கதவு, விளக்கு, கோபுரம். காவல்துறையில் பதினெட்டு வருடம் இருந்தும் இப்படிச் சேதி சொல்வது அவளுக்குப் பழகவில்லை.

"எச்சரிக்கை எழுதினார்மா. மூணு மீட்டர்னு எழுதினார். அது கடலுக்குப் போய்ச் சேரல, அவ்வளவுதான்."

அந்த அம்மாள் கேட்டாள்: "என் பிள்ளை... அவனுக்குத் தெரியாமலே போயிட்டானா?"

ஆய்வாளர் தயங்கினாள். சொல்லாமல் விடலாம். வியாழக்கிழமை ஒருவரைப் பேசவைக்காமல் விட்டதன் பலன் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறது.

"போன செவ்வாய்க்கிழமைப் பதிவுல, இடைவெளியில, வீட்டு ரேடியோவுக்கு எட்டாத தூரத்துல இருந்து உங்க பையன் குரல் இருக்கும்மா. 'அலை இங்க நீளமா எழும்புது, உயரம் மறுபடி சொல்லுங்க'ன்னு கேக்கறார். ரெண்டு தடவை கேக்கறார். பதில் வரல. மூணாவது தடவை..." அவள் பையிலிருந்து ஆஸ்பத்திரித் தாளை எடுத்தாள். "மூணாவது தடவை, 'அத்தான் இருந்தா அவர்கிட்டக் கேட்டுச் சொல்லுங்க'ன்னு கேக்கறார்."

அந்த அம்மாளின் மடியில் இருந்த கை மெல்லப் புரண்டது. கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. வாய் மட்டும் ஏதோ மென்று விழுங்குவதைப் போல அசைந்தது.

மகள் சுவரை விட்டு நகர்ந்தாள். நாற்காலியின் முன்னால் வந்து தரையில் மண்டியிட்டாள். ஆய்வாளர் கையெழுத்துக்காக நீட்டிய அந்தத் தாளை அவள் வாங்கவில்லை, அதைப் பார்க்கக்கூட இல்லை. போன புதன்கிழமை கதவு சாத்தப்பட்டபோதே அவள் வாய்வரைக்கும் வந்த வார்த்தை அது. அவர் உயிரோடு இருந்த ஐந்து நாளும் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்து விழுங்கியிருந்தாள். செத்த பிறகும் விழுங்கியிருந்தாள். இப்போது அம்மாவின் இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா," என்றாள். "அவரை வீட்டுக்குள்ள கூட்டிட்டு வரட்டுமாம்மா?"